டீச்சர் மேட்டில் தட்டிய படகு

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை. முந்தைய இரவு முழுவதும் மழை. செம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் காலனியின் பெரிய தெருவில் காலையில் தொடையளவு நீர் நின்றது. குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் சொந்தமான மோட்டார் படகு கொட்டகையிலிருந்து முதன்முறையாக நீரில் இறக்கப்பட்டது. படகில் இருந்தோர்: ஓட்டுநர் அருள்தாஸ், சங்கச் செயலாளர் நடராஜன், இதை எழுதுபவர். ஏற்றப்பட்டவை: பால் பாக்கெட்டுகள், ஒரு ரோஜா மாலை. பிள்ளையார் கோயிலைக் கடந்தவுடன் நீருக்கடியில் இருந்த வேகத்தடையில் மோட்டாரின் அடிப்பாகம் மோதியது. செயலாளர் நீரில் விழுந்தார். பால் பாக்கெட்டுகளும் விழுந்தன. பாக்கெட்டுகள் மிதந்தன. செயலாளர் எழுந்து நின்றார். மோட்டாரின் ஸ்கெக் உடைந்தது. யாருக்கும் காயம் இல்லை.

சங்கத்தின் கோப்புக்காக நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது. ‘நீரில் விழுந்தார்’ என்பதை ‘நீரில் இறங்கினார்’ என்று மாற்றித் தர முடியுமா என்று நடராஜன் கேட்டார். முடியாது என்றேன். அவர் வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போடும் முன் நெடுநேரம் யோசித்தார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பொறியியல் கல்லூரி ஒன்றில், திறந்த கால்வாயில் நீர் ஓடும் விதத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். என் வீட்டு வாசலில் உள்ள மழைநீர்க் கால்வாயில் நீர் எந்த விதத்திலும் ஓடுவதில்லை. தெருவில் எல்லோரும் இதை அறிவார்கள். மழைக்காலத்தில் மட்டும் இதைப் பற்றிப் பேசுவார்கள்.

டிரம்முக்குள் ஒரு கடல்

ஸ்கெக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: படகின் பின்புறம் தொங்கும் மோட்டாரில், நீரைத் தள்ளும் விசிறிக்குக் கீழே, வால்போல் நீண்டிருக்கும் தட்டையான உலோகத் துண்டு அது. அதற்கு வேலை இரண்டு. படகை நேராகப் போகச் செய்வது ஒன்று. தரையில் எதுவும் இடித்தால் விசிறிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்வது மற்றொன்று. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த செய்தி. தாம்பரத்துக்குக் கிழக்கே, கடலிலிருந்து கணிசமான தொலைவில், பால்கனிகளில் துளசி வளர்த்து வாழும் எங்களுக்கு இது புதிது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனியை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய படகு அது. அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து எங்களை மீட்டார்கள். இனி நம்மிடமே ஒன்று இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. வாங்கிய பிறகு மழை குறைந்துவிட்டது. படகு வந்த ராசி என்று சிலர் சொன்னார்கள்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அதன் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, நீல நிற டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் அடிப்பாகத்தை இறக்கி, இயக்கிப் பார்ப்பார்கள். டிரம்மில் அது மிகச் சிறப்பாக ஓடும். எல்லோரும் கைதட்டுவார்கள். சுண்டல் கொடுப்பார்கள். மற்ற மாதங்களில் படகுக்குள் ஒரு பூனை குட்டி போடும். அந்தச் செவ்வாய் வரை அந்தப் படகு ஏற்றிய பயணிகள் பூனைக்குட்டிகள் மட்டுமே.

தண்டவாளம் இல்லாத ஊரில்

படகை யார் ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது, சபை ஒரே குரலில் அருள்தாஸைக் காட்டியது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ‘மோட்டார்மேன்’ என்ற சொல்லில் மோட்டார் இருந்ததே தகுதிக்குப் போதுமானதாகக் கருதப்பட்டது. பணிக்காலம் முழுவதும் அவர் எதையும் திருப்பியதில்லை என்பதை அப்போது ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று காலை அவர் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக அமர்ந்திருந்தார். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் விசில் ஊதினார். மாலையைப் படகின் மூக்கில் கட்டிய கையோடு நடராஜன் எழுந்து நின்று, இரு பக்க மாடிகளுக்கும் வணக்கம் செலுத்திக்கொண்டு வந்தார். அந்த நிலையில்தான் மோதியது.

ஸ்கெக் போன பிறகு படகு நேராகப் போக மறுத்தது. எப்படிப் பிடித்தாலும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், பல் மருத்துவர் வீட்டுச் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது.

“என்ன அருள்தாஸ் இது?” என்றார் நடராஜன், நீரில் நின்றபடி.

“தண்டவாளத்த யாரோ உருவிட்ட மாதிரி இருக்கு சார்.”

“எதுல இடிச்சது?”

அருள்தாஸ் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். “டீச்சர் மேட்டுல சார்,” என்று மெதுவாகச் சொன்னார்.

மேட்டின் வரலாறு

டீச்சர் என்பது என் மனைவி சுலோசனா. சென்ற பங்குனியில் அவள் காலமானாள். இந்தத் தொடரில் அவளைப் பற்றி எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். இந்த வாரம் வேகத்தடையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அவளை விட்டுவிட்டு அதை எழுத வழியில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரிகள் வரும் வேகத்துக்கு ஒரு தடை வேண்டும் என்று நகராட்சிக்கு அவள் மனுக் கொடுத்தாள். பதில் வரவில்லை. பிறகு திங்கள்தோறும் பள்ளி முடிந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போய், அதிகாரியின் மேசையின் மறுபாதியில் வீட்டுப்பாட ஏடுகளை அடுக்கி, திருத்தத் தொடங்கிவிடுவாள். வாக்குவாதம் எதுவும் இல்லை. அவர் நிமிர்ந்தால் அவளும் நிமிர்வாள். கடைசியில் அந்த மனிதர் தம் மேசையைத் திரும்பப் பெறுவதற்காகவே கையெழுத்திட்டார் என்பது என் ஊகம்.

மேடு போட வந்த ஒப்பந்ததாரர், மிச்சமிருந்த தாரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போனார். விளைவாக அது சாதாரண வேகத்தடையாக அமையவில்லை. கார்களின் அடிவயிறு அதில் உரசாமல் போவது அரிது. நடராஜனின் கார் தன் சைலன்சரை அங்கேதான் இழந்தது. அவருக்கும் அந்த மேட்டுக்கும் பழைய பகை.

லாரிகள் அடங்கின. பொங்கலுக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் சுலோசனா ஒரு முக்காலியோடு போய் அமர்ந்து அதன்மீது வெள்ளைக் கோடு போடுவாள். முக்காலியைத் தூக்கிச் செல்வது என் பொறுப்பு. பெயரை வைத்தவர்கள் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள். “டீச்சர் மேடு எறங்கு” என்று அவர்கள் கூவுவதைக் கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபம் என்று நான் நினைத்தது உண்டு. அருகில் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பாள்.

என்னிடம் கார் இருக்கிறது. பங்குனிக்குப் பிறகு தாம்பரத்துக்கு நான் ஷேர் ஆட்டோவில்தான் போய்வருகிறேன். அந்தப் பெயரை இந்தக் கார்த்திகை வரை நான் ஒருமுறையும் சொன்னதில்லை. “பிள்ளையார் கோயில் தாண்டி நிறுத்துங்கள்” என்பேன்.

“டீச்சர் மேடுன்னு சொல்லேன் சார், இன்னாத்துக்கு சுத்தி வளைக்கிற?” என்று ஓர் ஓட்டுநர் ஒருமுறை கேட்டார். மற்றவர்களும் சலிக்காமல் திருத்துகிறார்கள். அவர்கள் திருத்துவது எனக்குப் பிடிக்கும்.

தீர்மானம்

நீர் வடிந்த மறுநாள் சங்கக் கூட்டம். தீர்மானத்தை நடராஜன் கையில் வைத்திருந்தார். “ரெஸ்க்யூ போட்டுக்கு இடைஞ்சலா இருக்கிற ஹம்ப்ப ரிமூவ் பண்ணணும். திங்கட்கிழமை டிரில்லர் வருது. நாளைக்கு யாருக்காவது மூச்சுத் திணறல்னு வெச்சுக்குங்க, போட்டு அங்க மாட்டிட்டா யார் பதில் சொல்றது? அந்த டீச்சர் மேட்ட...”

அங்கே நிறுத்திவிட்டார். சிலர் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் சொன்னதில் தவறில்லை. படகு மனிதர்களைக் காப்பதற்கு. மேடு தாரால் ஆனது. மேடு போனால் நிறுத்தத்தின் பெயரும் சில மாதங்களில் போய்விடும். ஆட்டோக்காரர்கள் ‘பல் டாக்டர்’ என்று மாற்றிக்கொள்வார்கள். இதை ஒரு சபையில் எதிர்வாதமாக வைக்க முடியாது. ஆகவே நான் என் பாடத்தை ஒட்டியே பேசினேன். மோட்டாரைப் பின்னாலிருந்து மேலே சாய்த்துத் தூக்க முடியும். தூக்கினால் படகு நீருக்குள் அமிழும் ஆழம் பாதிக்கும் கீழாகக் குறையும். கழியால் ஊன்றித் தாண்டிவிடலாம் என்றேன்.

“தியரி சார் அது,” என்றார் நடராஜன். “பிராக்டிகலா தாண்டுமா?”

“தாண்டியிருக்கிறது,” என்றேன்.

விடைத்தாள் கட்டு

பெருவெள்ளத்தின்போது எங்களை ஏற்ற வந்த படகில் இரண்டு மீனவ இளைஞர்கள் இருந்தார்கள். நான் ஒரு பையோடு மாடியிலிருந்து இறங்கினேன். சுலோசனா நெஞ்சளவு உயரத்தில் ஒரு விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

“யக்கா, அந்தக் கட்ட உள்ளயே வெச்சுட்டு வாக்கா. ஆளுங்களுக்கே எடம் இல்ல.”

“முடியாதுப்பா. அத்தனை பசங்களும் கஷ்டப்பட்டு எழுதியிருக்கு. சிலது கஷ்டமே படல. அதுங்களுக்கும் மார்க் போட்டுத்தானே ஆகணும்?”

படகு கிளம்பியது. மழை வலுத்தது. நான் குடை பிடித்தேன், தாள்களுக்கு. பிள்ளையார் கோயில் தாண்டியதும் அவள் கையை உயர்த்தினாள்.

“தம்பி, மெதுவா. கீழ மேடு இருக்கு.”

“எங்கக்கா? கண்ணுக்கெட்டுன மட்டும் தண்ணிதான் கீது.”

“இருக்குங்கறேன். போட வெச்சதே நான்தான்.”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மோட்டாரை அணைத்துச் சாய்த்துத் தூக்கினான். மற்றவன் கழியை ஊன்றினான். படகின் அடி லேசாக உரசித் தாண்டியது. “இப்ப போ,” என்றாள். ஒரு வகுப்பை மைதானத்துக்கு அனுப்பும் குரல் அது.

இதை நான் சபையில் சுருக்கமாகச் சொன்னேன். மழை, குடை முதலியவற்றை விட்டுவிட்டேன்.

“அப்ப மேடு இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்தாங்க சார்,” என்றார் நடராஜன். சொன்ன பிறகே தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து வெகுநேரம் குடித்தார்.

“இப்போதும் ஓர் ஆள் இருக்கலாம்,” என்றேன்.

மோட்டாரைச் சரிசெய்து, அடுத்த மழையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இடிக்காமல் தாண்டினால் மேடு இருக்கும். இடித்தால் டிரில்லர்.

பம்மல் பயணம்

உடைந்த துண்டு மேட்டின் அடிவாரத்தில் சேற்றில் கிடைத்தது. மோட்டாரின் அடிப்பாகத்தைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்து, அரிசிச் சாக்கில் சுற்றி, நானும் அருள்தாஸும் பம்மலுக்குப் புறப்பட்டோம். அலுமினியத்தை ஒட்டும் ஆர்கான் வெல்டிங் அங்கே சிறு பட்டறைகளில் நடக்கும்.

பல்லாவரத்தில் மாறிய ஷேர் ஆட்டோவில் சாக்கு எங்கள் காலடியில் இருந்தது. எதிரில் மடியில் பூக்கூடையோடு ஓர் அம்மாள்.

“சார், உங்க ஃபேனு என் கால்ல குத்துது.”

“ஃபேன் இல்லம்மா. போட்டு மோட்டார்,” என்றார் அருள்தாஸ்.

“போட்டா? எந்த ஊர்ல?”

“செம்பாக்கத்துல.”

“ஆங், அப்ப சரி,” என்று காலை ஒதுக்கிக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பட்டறைக்காரர் பாபு சாக்கைப் பிரித்துச் சுற்றிவந்து பார்த்தார். “இன்னா சார், மீன் வாலாட்டம் கீது. எதுல இட்ச்சீங்கோ, பாறையா?”

“ஸ்பீட் பிரேக்கர்,” என்றார் அருள்தாஸ்.

பாபு கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். “போட்டு. ஸ்பீட் பிரேக்கர்ல.”

“ஆமா.”

“ஹெல்மெட்டு போட்டுகினுதான இருந்தீங்கோ?”

அருள்தாஸ் சாக்கை மடிக்கத் தொடங்கினார். ரயில்வேயில் இருந்தவர்களுக்குத் தொழிலைக் கேலி செய்தால் பிடிப்பதில்லை.

ஸ்கெக்கின் வளைவை நான் வரைபடத் தாளில் வரைந்து எடுத்துச் சென்றிருந்தேன். பாபு அதைப் பாராட்டிவிட்டு அதன்மீது டீ கிளாஸை வைத்தார். “உடைஞ்சத அப்டியே ஒட்றதுக்குப் பதிலா, கூட ரெண்டு இஞ்சு சேத்து வெச்சுடட்டுமா சார்? கெத்தா இருக்கும்.”

“நீளம் கூடினால் சீக்கிரம் இடிக்கும்,” என்றேன்.

“அப்ப சின்னதா வெச்சுட்டா? இடிக்கவே இடிக்காது பாரு.”

“சின்னதாக வைத்தால் படகு நேராகப் போகாது. அடி விசிறிக்கு விழும்.”

பாபு உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப அடி வாங்கறதுக்குன்னே இத்த வெச்சிக்கிறான். நேரா கூட்டினும் போவணும், அடியும் வாங்கணும்.”

“ஆமாம்.”

“பாவம் சார் இது,” என்று சொல்லிவிட்டு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டார்.

நான் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்குக் கெடுதி.

கியர்ப் பகுதிக்குச் சூடு ஏறாமலிருக்க ஈரத்துணி சுற்றி, விட்டு விட்டு ஒட்டினார். ஆறிய பிறகு அரத்தால் தேய்த்தார். ஒட்டிய இடத்தில் தழும்புபோல ஒரு கோடு நின்றது. அதை வழித்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். கிளம்பும்போது, “தண்ணி வந்தா நம்ம வூட்டாண்டயும் ஒரு ரவுண்டு வாங்க சார்,” என்றார்.

வெள்ளோட்டம்

அடுத்த மழைக்கு நெடுநாள் காத்திருக்க நேரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் தெருவில் மீண்டும் தொடையளவு நீர் நின்றது. மாடிகளில் கூட்டம். பால் பாக்கெட்டுகள் இம்முறை கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. நடராஜன் அமர்ந்தே வந்தார். இரு கைகளாலும் படகின் இரு விளிம்புகளையும் பிடித்திருந்தார். கோயில் உற்சவத்துக்கு வைத்திருந்த மூங்கில் கழி ஒன்று அவர் காலடியில் கிடந்தது. நான் முன்னால் உட்கார்ந்தேன். மேடு வருவதைச் சொல்வது என் வேலை.

கிளம்பும் முன் அருள்தாஸ் ஒரு நிபந்தனை விதித்தார். “சார், சரக்கு ரயில்ல அசிஸ்டென்டா இருந்த காலத்துல இருந்து எனக்கு ஒரு பழக்கம். முன்னால சிக்னல் தெரிஞ்சா ஒருத்தர் சத்தமா சொல்லணும். இன்னொருத்தர் அதையே திருப்பிச் சொல்லணும். அப்பதான் அது செல்லும். மனசுக்குள்ள பார்த்துக்கிட்டா செல்லாது.”

“சரி. ‘வேகத்தடை’ என்கிறேன்.”

“அது செல்லாது சார். தெருவுல மூணு இருக்கு. பல்லாவரம் சிக்னல பல்லாவரம்னுதான் கூப்பிடணும். எதுக்கு என்ன பேரோ அதத்தான் சொல்லணும்.”

நான் தலையசைத்தேன். முந்தைய நாள் வீட்டில் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அருள்தாஸின் விதிப்படி அது செல்லாது. திருப்பிச் சொல்ல ஆள் இல்லை.

படகு கிளம்பியது. நேராகப் போயிற்று. பாபுவின் கைவேலை நன்றாக இருந்தது. பிள்ளையார் கோயிலின் மதில் முடிந்தது. இஸ்திரிக் கடையின் தகரக் கூரை நெருங்கியது. அதற்கு நேராக, தண்ணீருக்கடியில் மேடு இருக்கிறது. முக்காலி தூக்கிப் போனவனுக்கு அந்த இடம் தெரியும். தண்ணீரில் ஓர் அடையாளமும் இல்லை.

“டீச்சர் மேடு,” என்றேன்.

“கேக்கல சார். மோட்டார் சத்தம்.”

“டீச்சர் மேடு,” என்றேன், வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில்.

“டீச்சர் மேடு,” என்றார் அருள்தாஸ். மோட்டாரை அணைத்தார்.

“டீச்சர் மேடு,” என்றார் நடராஜன். விதிப்படி அவர் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிக் கடைக்குப் பின்னிருந்த மாடியிலிருந்து ஒரு பெண்ணும் சொன்னார். அடுத்த மாடியில் இருவர் சொன்னார்கள். அவர்களுக்கு இதில் ஓர் அலுவலும் இல்லை.

அருள்தாஸ் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினார். ஸ்கெக் நீரிலிருந்து வெளியே வந்தது. தழும்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடராஜன் கழியை எடுத்து, தம் சைலன்சரை விழுங்கிய அந்த மேட்டின்மீது ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். அடி லேசாக உரசியது. தாண்டியது.

நான் கையை அசைத்தேன். “இப்போது போகலாம்.”

“இப்ப போகலாம்,” என்று அருள்தாஸ் திருப்பிச் சொன்னார்.

அன்று மாலை தீர்மானத்தை நடராஜனே எழுதினார்: வேகத்தடை நீடிக்கும்; படகு அதன் முன் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘அது போடப்பட்டதே அதற்காகத்தான்’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன். இம்முறை யோசிக்காமல் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

இன்னும் செய்யாதவை

படகுக்குப் பெயர் வைப்பது. சங்கத்தில் சர்ச்சை தொடர்கிறது.

பல் மருத்துவர் வீட்டுச் சுற்றுச்சுவரில் பெயர்ந்த காரையைப் பூசிக் கொடுப்பது.

பாபுவின் வீடு எங்கே என்று கேட்டு வைப்பது. தண்ணீர் வந்தால் போக வேண்டும்.

பூனைக்கு வேறு இடம் பார்ப்பது.

பொங்கலுக்கு முன் மேட்டுக்கு வெள்ளைக் கோடு போடுவது. தூரிகை அவள் வைத்த டப்பாவில் பரண்மேல் இருந்தது. டப்பாவை இறக்கிவிட்டேன். மூடியை இன்னும் திறக்கவில்லை.